தேன் நிறத்தில் எழுதினால் தெரியுமா? கான்ட்ராஸ்ட் பார்க்கும் முறை

மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் உறவுக்காரர் ஒருவருக்கு விலைப்பட்டியல் செய்து கொடுத்தேன். தேன் வியாபாரம்தானே என்று வெள்ளைப் பின்னணியில் தேன் நிற எழுத்து போட்டேன். என் லேப்டாப்பில் அம்சமாகத்தான் இருந்தது. வாட்ஸ்அப்பில் போன அன்றே, மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பெரியப்பா கூப்பிட்டார்: “மக்களே, படம் வந்திருக்கு. எழுத்து எங்க?”

அளந்து பார்த்தால் 1.97. இருக்க வேண்டியது 4.5.

இந்த எண்தான் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச விகிதம். இரண்டும் ஒரே நிறமானால் 1, வெள்ளையில் கறுப்பு என்றால் 21. டபிள்யூசிஏஜி என்பது, பார்வைக் குறை போன்ற சிரமம் உள்ளவர்களும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த உதவும் வழிகாட்டி. அதன் ஏஏ நிலை, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 கேட்கிறது. 18 பாயின்ட், அல்லது 14 பாயின்ட் போல்டு, அதற்கு மேல் என்றால் 3 போதும். நிறம் வேறாக இருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சுத்தப் பச்சையில் சுத்தச் சிவப்பு, அந்த 3-ஐக்கூட எட்டாது.

1. வேர்டில் செய்கிறீர்கள் என்றால் முதலில் ‘ரிவியூ’ போய் ‘செக் ஆக்சசிபிலிட்டி’யை அழுத்துங்கள். மங்கலான எழுத்தைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

2. ‘கலர் கான்ட்ராஸ்ட் அனலைசர்’ இலவச மென்பொருள். விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். நிறுவிக்கொள்ளுங்கள்.

3. ஆவணத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள், பலர் தப்பு செய்யும் இடம் இதுதான். எழுத்தின் ஓரத்தில் எழுத்து நிறமும் பின்னணியும் கலந்த புள்ளிகள் இருக்கும். அதைத் தொட்டால் கணக்கு தப்பாக வரும். ‘தே’யின் கோடு எங்கே தடிமனோ, அதன் நடுவில் மென்பொருளின் சொட்டுக்குழாயை (திரையில் நிறத்தை எடுக்கும் கருவி) வைத்துச் சொடுக்குங்கள்.

4. இன்னொரு சொட்டுக்குழாயால் பின்னணியைத் தொடுங்கள். விகிதம் வந்துவிடும், தேர்ச்சியா தோல்வியா என்பதும் பக்கத்திலேயே தெரியும். பின்னணி படமாக இருந்தால், எழுத்துக்கு மிக நெருக்கமான வெளிச்சம் உள்ள இடத்தைத் தொடுங்கள்.

5. தேறவில்லையா? நிறத்தை விட்டுவிட வேண்டாம், இடத்தை மாற்றிப் பாருங்கள். நான் தேன் நிறத்தைப் (சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0) பின்னணிக்குக் கொண்டுபோய், எழுத்தை 663300 என்ற நிறக் குறியீடு கொண்ட அடர் பழுப்பாக்கினேன். 5.2 வந்தது. சாம்பல் பிடித்தவர்களுக்கு ஒரு கணக்கு: வெள்ளையில் 999999 தோல்வி, 777777 மயிரிழையில் தோல்வி, 767676 தேர்ச்சி.

தமிழுக்கு 4.5-ஐ ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள் என்பேன். மங்கல் எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். ‘தேன்’ ‘தேன’ ஆகிவிடும். மெல்லிய எழுத்துரு என்றால் சுழியும் போய்விடும்.

அப்புறம், ‘இருப்பு இல்லை’ என்பதைச் சிவப்பால் மட்டும் காட்டாதீர்கள். சிவப்பு பச்சை பிரித்தறியாதவருக்கு அது தெரியாமலே போகும். வார்த்தையாகவே எழுதிவிடுங்கள்.

கடைசியாக பிடிஎஃப் ஆக்கிய பிறகு ஒரு தடவை 3, 4-ஐத் திரும்பச் செய்யுங்கள். பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபாட்டின் சோதனை கான்ட்ராஸ்டை ‘நீங்களே பாருங்கள்’ என்று நம்மிடமே விட்டுவிடும். பிறகு ஃபோனில் திறந்து முற்றத்து வெயிலில் நின்று பாருங்கள். என் புதிய பட்டியலில் விலை தெரிந்தது. அடியில் இருந்த ஃபோன் எண் தெரியவில்லை, அதை மறுபடி மாற்றினேன்.