மேடுபள்ளமான தரையில் லேமினேட் பதிப்பதற்கு முன்

லேமினேட் பலகைகள், அதாவது மரத்தோற்றம் கொண்ட மெல்லிய தரைப் பலகைகள், பெரும்பாலும் தரையோடு ஒட்டப்படுவதில்லை. ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் காடியில் பூட்டிக்கொள்ள, மொத்தப் பரப்பும் தரையின்மேல் தனித்துக் கிடக்கிறது. அடியில் பள்ளம் இருந்தால், அங்கே கால் படும்போதெல்லாம் பலகை அமுங்கி எழும். முதலில் கிறீச்சிடும், பிறகு பூட்டின் மெல்லிய நாக்கு உடைந்து இணைப்பு வாய்பிளக்கும்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில், கழுவிவிட்ட நீர் வடிவதற்காகத் தரைக்குச் சற்றே வாட்டம் கொடுத்திருப்பார்கள். அறை முழுவதும் ஒரே சீராகச் சரியும் அந்த வாட்டத்தால் பொதுவாகத் தொல்லை இல்லை. இடையிடையே வரும் மேடுபள்ளமே பூட்டை உடைக்கிறது. ஆகவே ரசமட்டத்தின் குமிழியை மட்டும் நம்பாமல், 2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியக் கட்டையை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவாட்டிலும் வைத்துப் பாருங்கள். பின்புறம் டார்ச் விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். கட்டை நடுவில் தாங்கி இருபுறமும் ஆடினால் அங்கே மேடு. தயாரிப்பாளர்கள் பலரும் 2 மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேறுபாட்டையே அனுமதிக்கிறார்கள் என்றாலும், நீங்கள் வாங்கிய பெட்டியில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். கண்ட இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

மேட்டை முதலில் குறைக்க வேண்டும். இரண்டு மேடுகளைச் சீவினால் பாதிப் பள்ளம் தானே மறைந்துவிடுவதுண்டு. வைரக் கப் வீல் (கிண்ண வடிவத் தேய்ப்புச் சக்கரம்) பூட்டிய கிரைண்டர் இதற்கு ஏற்றது. ஆனால் சிமெண்ட் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதால், தூசி உறிஞ்சும் கருவியும் தரமான முகக்கவசமும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. பழைய டைல்ஸ் தரையானால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிப்பதைப் பெயர்த்துவிடுங்கள்.

பள்ளத்தை நிரப்ப, ஊற்றினால் தானே பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் கலவை நல்லது. மெழுகேறிய ரெட் ஆக்சைடு தரையில் அது பிடிக்காது; மெழுகை நீக்கி, சொரசொரப்பாக்கி, தூசியை முழுதும் உறிஞ்சி எடுத்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசிய பின்பே ஊற்ற வேண்டும். பிரைமர் இல்லாவிட்டால் காய்ந்த தரை கலவையின் நீரைக் குடித்துவிடும். அடியிலிருந்து கிளம்பும் காற்று மேற்பரப்பில் ஊசித் துளைகளை உண்டாக்கும். மூட்டையில் குறித்த அளவுக்குமேல் ஒரு குவளை நீர்கூடச் சேர்க்காதீர்கள்: எளிதாக ஓடினாலும், காய்ந்தபின் மேற்பகுதி மாவாக உதிரும். முழுதும் காய்ந்ததும் அதே கட்டையால் மறுபடி சோதியுங்கள்.

தரைத்தளமானால் ஈரத்தையும் பாருங்கள். பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் தரையோடு ஒட்டி ஒருநாள் விட்டு எடுக்கும்போது நீர்த்துளியோ கருமையோ தெரிந்தால், ஈரத்தின் காரணத்தைக் கண்டு சரிசெய்யும்வரை பலகையைப் பதிக்காதீர்கள். தரை உலர்ந்திருந்தாலும், பதிக்கும்போது 0.2 மில்லிமீட்டர் பாலித்தீனை, ஒரு தாளின் ஓரத்தின்மேல் அடுத்த தாள் 20 சென்டிமீட்டர் ஏறும்படி விரிப்பது பாதுகாப்பு. பள்ளத்தை மறைக்க, பலகைக்கு அடியில் போடும் மெத்தென்ற அடிவிரிப்பை இரட்டிப்பாக்குவது மட்டும் வேண்டாம். மெத்தென்ற அடித்தளம் பூட்டுகளை இன்னும் விரைவாக உடைக்கும்.