ஆட்டோபைலட் அடம்பிடித்தால் எங்கிருந்து தொடங்குவது

வீட்டிலேயே கட்டிய விமானத்தில் ஆட்டோபைலட் (விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி) சரியாக ஓடவில்லை என்று யாராவது உதவி கேட்டால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். அதை அணைத்துவிட்டு நீங்களே ஓட்டும்போது திரையில் தெரியும் உயரம், வேகம், திசை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா? பெரும்பாலும் பதில் வராது. யாரும் அப்படிப் பார்த்திருப்பதில்லை. நேராக செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் கெயின் எண்ணை, அதாவது ஆட்டோபைலட் எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்று சொல்லும் எண்ணை, கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டோபைலட் தனக்கு வரும் தகவலை நம்பி வேலை செய்கிறது. உயரம் தப்பாக வந்தால் தப்பான உயரத்தைத்தான் அது துரத்தும். அதனால் கோளாறை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். திரையே தப்பாகக் காட்டினால் சிக்கல் சென்சார், குழாய், வயர் பக்கம். திரை சரியாக இருந்து விமானம் மட்டும் ஆடினால் சர்வோ (ஸ்டிக்கை நகர்த்தும் மோட்டார்), லிங்கேஜ் (அதை இணைக்கும் தண்டுகள்) பக்கம். கெயின் கடைசிதான். வேறு எங்கோ இருக்கும் கோளாறைக் கெயினால் மூடி வைத்தால், பிறகு அந்தக் கோளாறைச் சரிசெய்யும் நாளில் ஆட்டோபைலட் இன்னும் மோசமாக ஓடும்.

சோதனை எதுவானாலும் தரையில் ஆரம்பியுங்கள். ஆட்டோபைலட்டை இயக்கிவிட்டு ஸ்டிக்கை (விமானி பிடித்து ஓட்டும் பிடியை) கையால் தள்ளிப் பாருங்கள். சர்வோவை மீறி நகர்த்த முடிய வேண்டும். துண்டிக்கும் பட்டனை அழுத்தியதும் ஸ்டிக் விடுபட வேண்டும். சர்வோவின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர், பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையிலேயே கைக்கு எட்ட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் மேலே போகாதீர்கள். மேலே போகும்போது பகல் வெளிச்சம், தெளிந்த வானம், போதிய உயரம், வெளியே பார்த்துக்கொள்ள இன்னொருவர், எல்லாம் வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே பறப்பது ஆபத்து.

நான் அதிகம் பார்த்த புகார் உயரம் பற்றியது. நண்பர் ஒருவரின் இரட்டை இருக்கை விமானம் உயரத்தைப் பிடிக்கச் சொன்னால் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டே போகும். சர்வோவையே மாற்றலாம் என்று இருந்தார். பறந்துகொண்டிருக்கும்போது கேபின் காற்றுத் துவாரத்தைத் திறக்கச் சொன்னேன். திறந்ததும் உயரம் குதித்தது, மூடியதும் திரும்பியது. சோதனை அவ்வளவுதான். பேனலுக்குப் பின்னால் ஸ்டாட்டிக் குழாய் (உயரமானிக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவருவது) டி-இணைப்பிலிருந்து நழுவி, வெளிக்காற்றுக்குப் பதில் கேபின் அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஸ்டாட்டிக் கசிவைத் தரையில் பார்க்க ஒரு பெரிய ஊசிக்குழலும் கொஞ்சம் ரப்பர் குழாயும் போதும். ஒரு ஸ்டாட்டிக் துளையை டேப்பால் அடைத்து, மற்றதில் குழாயைக் காற்றுப் புகாமல் பொருத்துங்கள். மெதுவாக இழுத்து, உயரமானி தரைமட்டத்திலிருந்து 1000 அடி ஏறியதும் குழாயை நசுக்கிப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. பிட்டாட்டை (எதிர்க்காற்றை வாங்கி வேகமானிக்குக் கொடுக்கும் குழாயை) திறந்து வைத்து இதைச் செய்தால் வேகமானி 150 நாட் பக்கம் ஏறிவிடும். மெதுவான விமானத்தில் மெக்கானிக்கல் வேகமானி இருந்தால் அது கெட்டுப்போகலாம். ஆகவே பிட்டாட்டையும் ஸ்டாட்டிக்கையும் ஒரே ஊசிக்குழலில் சேர்த்து இழுங்கள். விடும்போதும் மெதுவாகத்தான். குழாயில் தண்ணீர் இருந்தால் கருவியிலிருந்து கழற்றிவிட்டுத்தான் ஊத வேண்டும். சென்சார் பக்கம் காற்றடித்தால் சென்சாரே போய்விடும்.

பிட்டாட் அடைப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. பல ஈஃபிஸ்கள் (மின்னணுத் திரைக் கருவிகள்) கிடைமட்டத்தைக் கணக்கிடக் காற்று வேகத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. பிட்டாட்டில் தண்ணீர் நின்றால் திரையில் அடிவானமே சாயலாம். அடிவானம் சாய்கிறதே என்று பெட்டியைக் கழற்றி அனுப்புவதற்கு முன் குழாயைப் பாருங்கள்.

திசை தப்பாகக் காட்டினால் மேக்னடோமீட்டரை, அதாவது காந்தத் திசை உணரும் சென்சாரை, சந்தேகியுங்கள். நல்ல துப்பு ஒன்று: திரையில் காற்றின் திசையைக் காட்டும் அம்பு இருக்குமே, விமானத்தைத் திருப்பும்போது அதுவும் கூடவே சுற்றுகிறதா? உண்மையான காற்று உங்களோடு சுற்றாது. அம்பு சுற்றினால் திசையோ வேகமோ தப்பு. அப்புறம் தரையில் எஞ்சினை அணைத்து, லேண்டிங் லைட், ஸ்ட்ரோப், பிட்டாட் ஹீட்டர், ஃபிளாப் மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் போட்டு எடுங்கள். ஸ்டிக்கை முழுவதுமாக நகர்த்துங்கள். எதைத் தொடும்போது திசை இரண்டு டிகிரிக்கு மேல் நகர்கிறதோ அதுதான் குற்றவாளி. இறக்கை நுனியில் சென்சார் இருந்தால் பக்கத்திலுள்ள இரும்புத் திருகுகளையும் எஃகுத் தண்டுகளையும் பாருங்கள். லைட்டுக்குப் போகும் வயரையும் திரும்பி வரும் எர்த் வயரையும் சேர்த்து முறுக்கி ஓட்டினால் பாதித் தொல்லை போய்விடும்.

திரையில் சிவப்புப் பெருக்கல் குறி வந்து வந்து போகிறதா? கனெக்டர்தான். கேன் பஸ் (பெட்டிகள் தகவல் பரிமாறும் இரட்டை வயர்) உள்ள அமைப்பில் மின்சாரத்தை முழுவதும் அணைத்து, மல்டிமீட்டரை அதன் ஹை, லோ வயர்களுக்கு நடுவே வையுங்கள். சுமார் 60 ஓம் வர வேண்டும். பஸ்ஸின் இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை இருப்பதால் அந்தக் கணக்கு. 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 40 வந்தால் நடுவில் எங்கோ மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள்.

60 வந்தும் சிக்கல் தீரவில்லையென்றால் டி-சப் (பல பின்கள் கொண்ட) கனெக்டரின் கவரைத் திறந்து, வெளிச்சம் அடித்து, பின்களின் முகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு பின் மட்டும் அரை மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தால், அது கிளிக் ஆகாமல் செருகப்பட்டது. தரையில் தொட்டுக்கொண்டிருக்கும், எஞ்சின் அதிர்வில் விட்டுவிடும். ஒவ்வொரு வயரையும் விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிரிம்ப் (வயரைப் பின்னோடு நசுக்கிய பிடிப்பு) சரியில்லாதது கையோடு வந்துவிடும். இதற்கு ஒரு மாலைப் பொழுது போகும், போகட்டும். ஆர்.எஸ்-232 என்ற தகவல் வயர் வழியில் ஜி.பி.எஸ். தகவலே வராவிட்டால், ஒரு பக்கத்தின் டி.எக்ஸ் (அனுப்பும் பின்) மறுபக்கத்தின் ஆர்.எக்ஸுக்கு (வாங்கும் பின்னுக்கு) போகிறதா, பாட் ரேட் (தகவல் அனுப்பும் வேகம்) இரண்டிலும் ஒன்றா, எர்த் பொதுவா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது திரை அணைந்து எரிந்தால் அது பேட்டரி வோல்டேஜ் சரிவதால்தான், திரையைக் குறை சொல்ல வேண்டாம்.

ரேடியோவில் பேசும்போது மட்டும் கோளாறு வந்தால் கதை வேறு. ஜி.பி.எஸ். வேலை செய்வது 1575.42 மெகாஹெர்ட்ஸில். ரேடியோ தன் அலைவரிசையின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியும்; 121.175 மெகாஹெர்ட்ஸை 13 மடங்காக்கினாலும் 131.275-ஐ 12 மடங்காக்கினாலும் அதற்கு மிக அருகில் வந்துவிடும். தரையில் இந்த அலைவரிசைகளில் யாரும் பேசவில்லை என்று கேட்டு உறுதிசெய்து, அழைப்புக்குறியைச் சொல்லிச் சோதனை ஒலிபரப்பு என்று அறிவித்து, அரை நிமிடம் பட்டனை அழுத்திப் பாருங்கள். செயற்கைக்கோள் எண்ணிக்கை சரிந்தால் ஆன்டெனா இடைவெளியையும் ஆன்டெனா வயரின் பி.என்.சி. கனெக்டருடைய எர்த்தையும் கவனியுங்கள். சர்வோ துடித்தால் அதன் வயரின் ஷீல்டுக்கு (மேல் உலோக உறைக்கு) எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் சரி, திரையும் சரி, விமானம் மட்டும் இடது வலது ஆடுகிறது என்றால் சர்வோவுக்குப் போங்கள். சர்வோ கையை அசையாமல் பிடித்துக்கொண்டு எய்லரானை (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகட்டை) ஆட்டிப் பாருங்கள். தளர்வு தெரிந்தால் ராட்-எண்ட் (தண்டு முனை இணைப்பு), போல்ட், கேபிள் இழுவை பாருங்கள். சில சர்வோக்களில் அதிக விசையில் உடைவதற்கென்றே ஒரு பின் இருக்கும். அது உடைந்தால் மோட்டார் சுற்றும், ஸ்டிக் அசையாது.

இங்கே ஒன்றை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் முழுவதுமாகக் கொண்டுபோய், ஒவ்வொரு மூலையிலும் சர்வோ கையும் தள்ளுதண்டும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடாமல் நிற்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். நேர்கோட்டைத் தாண்டினால் கை மறுபக்கம் பூட்டிக்கொள்ளும், ஸ்டிக் திரும்பாது. ஆட்டோபைலட் அணைந்திருந்தாலும் இது நடக்கும். உயிர் போகிற விஷயம் இது.

இப்போது கெயின். இருக்கிற எண்களை எல்லாம் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரே எண்ணை, அதுவும் சிறிய அளவில் மாற்றுங்கள். மாற்றியதும் நேர்ப் பறத்தல், ஒரு திருப்பம், ஒரு ஏற்றம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஈஃபிஸ் பதிவுசெய்யும் தகவல் கோப்பையும் இறக்கி, அதில் கேட்ட உயரத்தையும் வந்த உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.