குரூஸ் கப்பலில் ஸ்பா பாஸ்: கணக்கு எங்கே தவறுகிறது?

கப்பல் ஏறிய முதல் நாள் மதியமே ஸ்பாவைச் சுற்றிக்காட்ட அழைப்பார்கள். ஓடு பதித்த சூடான சாய்விருக்கையில் 2 நிமிடம் படுத்துப் பார்க்கச் சொல்வார்கள். எதிரே பெரிய கண்ணாடி, அதற்கு அப்பால் கடல், சுற்றிலும் ஆளே இல்லை. "பாஸ் கொஞ்சம்தான் மிச்சம்" என்றபடி, பயணம் முழுக்க அங்கே வந்துபோக அனுமதி தரும் பாஸின் படிவத்தை நீட்டுவார்கள். அந்த அறை காலியாக இருப்பதற்குக் காரணம் எளிது: அன்றுதான் எல்லோரும் கப்பல் ஏறுகிறார்கள், பெரும்பாலோர் இன்னும் பாஸ் வாங்கவில்லை. மூன்றாம் நாள் காலை 11 மணிக்கு அதே இடம் எப்படி இருக்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பல பெரிய கப்பல்களில் ஸ்பாவைக் கப்பல் நிறுவனமே நடத்துவதில்லை. ஒன்ஸ்பாவேர்ல்ட் போன்ற தனி நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. ஊழியர்களின் வருமானத்தில் விற்பனைக் கமிஷனுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் மேல் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. ஆனால் அங்கே கிடைக்கும் ஆலோசனை விற்பவரின் ஆலோசனை என்பது நினைவில் இருக்கட்டும்.

எதற்குப் பணம் என்று தெரியாமல் வாங்குவது

ஸ்பா பாஸில் மசாஜ் கிடையாது, முகப்பூச்சும் கிடையாது. தெர்மல் சூட் என்று அழைக்கப்படும் பகுதிக்குள் நுழையும் அனுமதி மட்டுமே அது. சூடான சாய்விருக்கைகள், நீராவி அறை, உலர் வெப்பம் தரும் சானா, வாசனையும் விளக்கும் மாறும் ஷவர்கள் ஆகியவை பொதுவாக இருக்கும். சில கப்பல்களில் நீரழுத்தத்தால் உடலைப் பிடித்துவிடும் ஜெட் குளம், உப்பு அறை, பனி அறை என்று கூடுதலாகவும் உண்டு. இந்தப் பட்டியல் கப்பலுக்குக் கப்பல் மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களுக்குள்ளேயே மாறும். ஒன்றில் பெரிய ஜெட் குளமும் கடல் பார்த்த 20 இருக்கைகளும் இருக்கும். இன்னொன்றில் ஜன்னலே இல்லாத உள்ளறையில் 6 இருக்கைகளோடு முடிந்துவிடும். எனவே நிறுவனத்தின் பெயரை வைத்து அல்ல, கப்பலின் பெயரை வைத்துத் தேடுங்கள். குளம் இல்லாத தெர்மல் சூட்டுக்கு முழுப் பயணப் பாஸ் வாங்குவதைப் பெரும்பாலோருக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நீராவி அறையில் ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல் இருப்பது பெரும்பாலோருக்குக் கடினம்.

உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இந்தப் பாஸுக்கும் தொடர்பில்லை. கருவிகளைப் பயன்படுத்துவது வழக்கமாக இலவசம். யோகா போன்ற சில வகுப்புகளுக்குத் தனிக் கட்டணம்.

இலவசமாகக் கிடைப்பதை விலைக்கு வாங்குவது

வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் ஸ்பாவின் வெப்ப அறைகளும் குளமும் எல்லாப் பயணிகளுக்கும் பயணக் கட்டணத்திலேயே அடக்கம். வேறு நிறுவனங்களில் சில கேபின் வகைகளுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. செலிபிரிட்டியில் அக்வாகிளாஸ், கார்னிவலில் கிளவுட் 9 ஸ்பா கேபின்கள், எம்எஸ்சியில் யாட் கிளப் ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றில் பதிவு செய்துவிட்டு, கப்பலில் தனியாகப் பாஸும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பதிவுச் சீட்டில் என்னென்ன அடக்கம் என்று ஒருமுறை படித்தால் போதும்.

இதைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். ஒரே அறையில் இருவர், இருவருக்கும் பாஸ் வேண்டும் என்றால், சாதாரண பால்கனிக் கேபினுக்கும் ஸ்பா கேபினுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை இரண்டு பாஸ்களின் விலையோடு ஒப்பிடுங்கள். சில பயணங்களில் கேபினை மாற்றுவதே மலிவு.

பலரும் கவனிக்காத இன்னொன்று: சில கப்பல்களில் ஸ்பாவின் உடைமாற்றும் அறைக்குள்ளேயே சிறிய சானாவும் நீராவி அறையும் கட்டணமின்றி இருக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி என்பதால் தம்பதியர் சேர்ந்து போக முடியாது. ஆனால் வியர்த்து எழுந்தால் போதும் என்பவருக்கு அதுவே தாராளம். சுற்றிக்காட்டும்போது இதை அவர்களாகச் சொல்வது அபூர்வம். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பாஸ் வாங்குபவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது வெப்பமே அல்ல. பிள்ளைகளின் கூச்சலும் இசையும் இல்லாத ஒரு சாய்விருக்கைதான். அதுதான் தேவை என்றால் கார்னிவலின் செரினிட்டி தளம், ராயல் கரீபியன், செலிபிரிட்டி கப்பல்களின் சோலாரியம் ஆகியவை பெரியவர்களுக்காகவே கட்டணமின்றி இருக்கின்றன. அங்கே ஒரு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுப் பாஸைப் பற்றி யோசியுங்கள்.

விலையை இரவுகளின் எண்ணிக்கையால் வகுப்பது

தவறுகளில் பெரியது இதுதான். பாஸின் விலை 210 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றே. 7 இரவுப் பயணம், நாளுக்கு 30, மலிவுதானே என்று தோன்றும். இப்போது பயணத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு நாள் நாளாகப் பாருங்கள்.

ஏறும் நாளில் பாதுகாப்புப் பயிற்சி, பெட்டி வருகை, இரவு உணவு எல்லாம் போக ஒன்றரை மணி நேரம் கிடைக்கலாம். நடுக்கடலில் கழியும் நாள் 2 என்றால், நாளுக்கு 3 மணி வீதம் 6. துறைமுக நாள் 4 இருந்தாலும், கரையில் காலை 8 முதல் மாலை 5 வரை சுற்றிவிட்டு, 6 மணி உணவுக்குத் தயாராகும் ஒருவர் அதில் 2 நாளாவது ஸ்பா பக்கமே போகமாட்டார். மீதி 2 நாளில் தலா ஒரு மணி. இறங்கும் நாள் காலையில் ஸ்பாவுக்கு நேரமில்லை. ஆக 5 நாள், ஒன்பதரை மணி நேரம். நாளுக்கு 30 என்றது 42 ஆகிறது, மணிக்கு 22.

அடுத்து ஒருநாள் பாஸ் உண்டா என்று பாருங்கள். அதன் விலை 50 என்றால், முழுப் பாஸ் 4 நாள் வரை நட்டம். ஐந்தாம் முறை போகும்போதுதான் லாபம் தொடங்கும். மேலே சொன்ன பயணி ஒரு நாள் சோம்பினாலே கணக்கு தலைகீழ். ஒருநாள் பாஸ் எல்லாக் கப்பலிலும் கிடையாது. கிடைக்கும் கப்பல்களிலும் சிலவற்றில் கடல் நாட்களுக்கு மட்டும் அதை விற்க மாட்டார்கள். எனவே கேள்வி "ஒருநாள் பாஸ் உண்டா" என்று இருக்கக் கூடாது. "கடல் நாளுக்கு ஒருநாள் பாஸ் உண்டா" என்று இருக்க வேண்டும்.

இதே கணக்கு அட்லாண்டிக்கைக் குறுக்கே கடக்கும் பயணத்தில் வேறு விடை தரும். அங்கே தொடர்ந்து 6, 7 நாள் நிலமே கண்ணில் படாது. முழுப் பாஸ் மிக நன்றாகப் பலன் தருவது அப்படிப்பட்ட பயணங்களில்தான். அலாஸ்கா, நார்வே போன்ற குளிர்ப் பகுதிகளில் கடல் நாள் குறைவாக இருந்தாலும், மழையில் நனைந்து திரும்பும் மாலையில் சூடான இருக்கைக்குத் தானாகவே கால் போகும். மத்தியதரைக் கடலில் தினம் ஒரு துறைமுகம் என்று ஓடும் கோடைப் பயணத்தில் அந்த ஆசையும் வராது, நேரமும் இருக்காது.

கடல் கொந்தளிக்கும் என்பதை மறப்பது

பல கப்பல்களில் ஸ்பா இருப்பது மேல்தளங்களில், முன்முனையில். காட்சி அங்கேதான் நன்றாக இருக்கும். ஆனால் கப்பல் முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும்போது அதிகம் ஆடுவது முனைகள்; உயரம் கூடக்கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். தலைசுற்றல் உள்ளவருக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்த அந்த இடம் சோதனைதான். தண்ணீர் கரை தாண்டித் தெறிப்பதால் ஆட்டம் மிகும்போது ஜெட் குளத்தை வடித்துவிடுவார்கள் அல்லது வலை போட்டு மூடுவார்கள். எந்த நாட்களை நம்பி வாங்கினோமோ, அந்தக் கடல் நாட்களில்தான் இது நடக்க வாய்ப்பு அதிகம். குளம் மூடிய நாளுக்குப் பணம் திரும்புமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பெரும்பாலும் விடை "இல்லை" என்பதுதான்.

எத்தனை பேர், எத்தனை இருக்கை

பயணத்துக்கு எத்தனை பாஸ் விற்கிறீர்கள், சூடான இருக்கைகள் எத்தனை? இந்த இரண்டு எண்களும் வேண்டும். ஸ்பா கேபின்காரர்களையும் முதல் எண்ணோடு கூட்டச் சொல்லுங்கள். ஓர் இருக்கைக்கு 4, 5 பேர் என்றால் சமாளிக்கலாம். 10 பேரைத் தாண்டினால் கடல் நாட்களில் காலை 10 முதல் மாலை 4 வரை இடம் கிடைப்பது சந்தேகம். துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் இங்கும் உண்டு. துண்டை எடுக்க ஊழியர் இருக்கிறாரா என்பதை விதிப்பலகையில் பார்க்க முடியாது, நேரில்தான் பார்க்க வேண்டும். கூட்டம் குறைவது கப்பல் துறைமுகத்தில் நிற்கும் முற்பகலிலும், இரவு உணவு நேரத்திலும்.

எப்போது வாங்குவது

எண்ணிக்கை வரம்பு உள்ள கப்பலில், குறிப்பாகக் கடல் நாள் மிகுந்த பயணத்தில், காத்திருந்தால் பாஸ் தீர்ந்துவிடும். முன்கூட்டியே இணையத்தில் வாங்க முடிந்தால், ரத்து விதியைப் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். கப்பலில் பார்த்துப் பிடிக்காவிட்டால் முதல் நாளே ரத்து செய்ய இடம் இருக்கிறதா என்பதே முக்கியம். ஒருமுறை அட்டையைக் காட்டி உள்ளே போய்விட்டால் பிறகு பணம் திரும்பாது. இருவருக்கான பாஸ் இரண்டு தனிப் பாஸ்களைவிடக் குறைவாக இருக்கும்; ஆனால் துணைவர் உண்மையிலேயே வருவாரா? வெப்பமே பிடிக்காத ஒருவருக்காக அந்தச் சலுகையை வாங்குவது வீண். பாஸ் உள்ளவர்களுக்கு மசாஜில் தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். மசாஜ் எடுக்கும் எண்ணம் முன்பே இருந்தால் மட்டும் அதைக் கணக்கில் சேருங்கள். மசாஜ் போன்ற சேவைகளின் விலையோடு 18 முதல் 20 சதவீதம் வரை சேவைக் கட்டணம் தானாகவே ஏறுவது வழக்கம். பாஸுக்கும் ஏறுமா என்று கேட்டு, இறுதித் தொகையை வைத்தே மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்.

உடலில் உள்ள நச்சு வியர்வையில் வெளியேறும் என்ற பேச்சுக்காக ஒரு காசும் கூடக் கொடுக்க வேண்டாம். வியர்வையில் பெரும்பகுதி தண்ணீரும் உப்பும்தான். கழிவை அகற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது.

உடம்பு இடம் கொடுக்குமா

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. அவர்களுக்கு மிஞ்சுவது சாய்விருக்கையும் காட்சியும் மட்டும் என்றால் விலை பொருந்தாது. சிறுவர்களுக்கு அனுமதி இல்லை. வயது வரம்பு பெரும்பாலும் 18.

சானாவில் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய உலர் வெப்பம். நீராவி அறையில் 45 டிகிரியை ஒட்டி, முழு ஈரப்பதம். ஒரு முறைக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். பிறகு குளிர்ந்த ஷவர், கால் மணி நேர ஓய்வு, தண்ணீர். இரண்டு சுற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். உணவுக்கு முன் 20 நிமிடத்தில் போய்வரலாம் என்று எண்ணுபவர் பாஸை வீணாக்குவார். மது அருந்திவிட்டுப் போனால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். கடற்கரையில் வெயிலில் தோல் சிவந்த அன்றும் வேண்டாம், எரியும். உலோக நகைகள் சானாவில் சுடும்; கேபினிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

2 நீச்சலுடை எடுத்துச் செல்லுங்கள். ஒன்று காய்வதற்குள் இன்னொன்று தேவைப்படும். கடைசி இரவு பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். அன்று மாலையும் ஸ்பா போவதானால், ஈர உடைக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதே இரவு அறைக் கணக்கையும் ஒருமுறை திறந்து பாருங்கள்: பாஸ் இரண்டு முறை ஏறியிருந்தால், இறங்கும் காலை வரிசையில் நிற்பதைவிட அப்போதே வரவேற்பு மேசையில் சொல்லி நீக்குவது எளிது.