பழைய டி-ஷர்ட்டில் வட்டக் கால்மிதி

வீட்டில் பழைய டி-ஷர்ட் இல்லையென்றால் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பக்கத் தையல் இல்லாத பருத்தி டி-ஷர்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். அக்குளுக்குக் கீழே வெட்டி, அடிமடிப்பை நீக்கி, ஒரு பக்க ஓரத்தில் மட்டும் 3 செ.மீ. விட்டு, இரண்டு அடுக்கையும் சேர்த்து 2 செ.மீ. பட்டைகளாகக் குறுக்கே வெட்டுங்கள். அப்புறம் அந்த ஓரத்தை விரித்து, ஒரு பக்க வெட்டிலிருந்து எதிர்ப்பக்கத்தின் அடுத்த வெட்டுக்குச் சாய்வாக வெட்டிக்கொண்டே போனால் முழுவதும் ஒரே நூலாக வரும். இழுத்துவிட்டால் தானே சுருண்டுகொள்ளும்.

இந்த நூலில் கால்மிதி பின்ன 10 மி.மீ. குரோஷே ஊசி (நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசி) போதும். நூலை வளையமாக்கி, அந்த நடு வளையத்தில் 6 சிங்கிள் குரோஷே கண்கள் (குரோஷேயின் எளிய பின்னல்), பிறகு 12, 18, 24 என்று சுற்றுக்கு 6 கூட்டுங்கள். ஓரம் நெளிந்தால் கண்கள் அதிகம், கிண்ணம்போலக் குவிந்தால் குறைவு, இல்லையென்றால் கை இறுக்கம். அந்தச் சுற்றைத் தயங்காமல் பிரித்துவிடுங்கள். கூடை வேண்டுமா? கூட்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே சுற்றிப் போங்கள், சுவர் எழும்.