தலைக்குள் ஒரு கருவி: காக்ளியர் இம்ப்ளாண்ட் வைக்கப்போகும் பெற்றோருக்கு

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வயதில் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்ளே பொருத்தும் கேட்கும் கருவி, வைத்தோம். இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இதே முடிவின் முன் நிற்கும் பெற்றோர் யார் யாரோ சொல்லி என்னைத் தேடி வருகிறார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வைத்தால் பிள்ளை பேசிவிடுமா?" அதற்கு மருத்துவர் பதில் சொல்வார். நான் சொல்ல நினைப்பது வேறு. கருவி உடம்புக்குள் போகும் நாள் முதல் உங்கள் பிள்ளை ஒரு நிறுவனத்தோடு ஆயுள் முழுக்கக் கட்டுண்டு விடுகிறது. அந்தக் கட்டின் நுனி நம் கையில், பிறகு பிள்ளையின் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்றுதான் எழுதுகிறேன்.

நாள் கடத்தாதீர்கள்

குழந்தை பிறந்த மருத்துவமனையிலேயே காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.ஈ. பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் குமிழ் வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். அதில் சந்தேகம் வந்தால் பெரா பரிசோதனை. ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று அதில் தெரியும். "அவன் தாத்தாவும் நாலு வயதில்தான் பேசினார்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மறுநாள் பரிசோதனைக்குக் கிளம்புங்கள். ஒலி வந்து சேராத மூளைப்பகுதி சும்மா காத்திருக்காது, வேறு வேலைக்குப் போய்விடும். அனு ஷர்மா என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு இதை அளந்து காட்டியிருக்கிறது. மூன்றரை வயதுக்குள் கருவி பெற்ற குழந்தைகளின் மூளை சில மாதங்களிலேயே ஒலிக்கு இயல்பாக எதிர்வினை காட்டத் தொடங்கியது. ஏழு வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அது கைகூடவில்லை.

பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு; மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டமும் இருக்கிறது. இரண்டிலும் வயது வரம்பு உண்டு என்பதால், காப்பீட்டு அட்டையையும் வருமானச் சான்றிதழையும் முதல் பரிசோதனை முடிந்த வாரத்திலேயே தயார் செய்துவிடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

உள்ளே என்ன போகிறது

காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசசரில் மைக் இருக்கிறது. அது பிடித்த ஒலியைக் குறியீடாக மாற்றி, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டமான காயிலுக்கு அனுப்பும். காயில் தோலைத் தாண்டி உள்ளே இருக்கும் கருவிக்கு ரேடியோ அலையாக அனுப்பும். அங்கிருந்து ஒரு மெல்லிய மின்முனைச் சரம் உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் சுருளுக்குள் போய், நேரே செவி நரம்பைத் தூண்டுகிறது. அந்தச் சுருளுக்குள் சரத்தை எப்படிச் செலுத்துவது என்பதுதான் தொடக்கத்தில் பெரிய சிக்கலாக இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க் 1977-இல் கடற்கரையில் ஒரு சங்கையும் புல்லையும் வைத்துப் பார்த்தார். நுனி நெகிழ்ந்து, அடி விறைப்பாக உள்ள புல் சுருளுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டே மெல்போர்னில் தன் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அவருடைய தந்தையும் காது மந்தமானவர்.

நல்ல காதில் ஒலியை நரம்புக்குத் தரும் உள்வரிசை மயிர்ச் செல்கள் ஏறக்குறைய 3,500. கருவியில் உள்ள மின்முனைகள், நிறுவனத்தைப் பொறுத்து, 12 முதல் 22 வரை. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் "கருவி வைத்தாயிற்றே, ஏன் இன்னும் புரியவில்லை?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ள மாட்டீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது இந்தப் பகுதியைத்தான்.

கலிபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம் பார்வையற்றவர்களுக்காக ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவியைச் செய்தது. 2013-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் கிடைத்தது. உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டோர் கண்ணுக்குள் வைத்துக்கொண்டார்கள். 2019-இல் நிறுவனம் அந்தத் தயாரிப்பை நிறுத்தியது; அடுத்த ஆண்டு நிறுவனமே மூடும் நிலைக்குப் போனது. வைத்துக்கொண்டவர்களுக்கு உதிரிபாகமும் இல்லை, பழுது பார்க்க ஆளும் இல்லை. சிலருடைய கருவி திடீரென்று நின்றுபோய், மீண்டும் இருட்டானது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காக்ளியர் இம்ப்ளாண்டின் நிலை அவ்வளவு மோசமில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக்கிலும் உள்ள பெரிய நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக நிலைத்து நிற்கின்றன. ஆனாலும் உங்கள் பிள்ளைக்கு இரண்டு வயது. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கான கேள்வியை இப்போதே கேட்க வேண்டும்.

உள்ளே வைக்கும் கருவிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், வெளியே மாட்டும் பிராசசருக்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியாகக் கேளுங்கள். இந்த மாடல் பிராசசரை நிறுத்தினால் உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? வருங்காலப் பிராசசர்கள் இந்த உள்கருவியோடு வேலை செய்யுமா? பழுது பார்க்கத் திருச்சியிலோ மதுரையிலோ ஆள் இருக்கிறாரா, சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டுமா? அனுப்பினால் அதுவரை மாற்றுப் பிராசசர் தருவீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பிராசசர் பழுது பார்க்கப் போயிருக்கும் ஒரு மாதம் குழந்தைக்கு முழு நிசப்தம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றியும் கேளுங்கள். உள்ளே காந்தம் இருப்பதால், சில மாடல்களில் அதை எடுத்துவிட்டு அல்லது இறுக்கிக் கட்டிய பிறகே ஸ்கேன் செய்ய முடியும். புதிய மாடல்களில் அப்படியே செய்யலாம்.

இன்னொன்று, தகவல். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மாட்டினோம், எப்படிப்பட்ட ஓசைகளுக்கு நடுவே இருந்தோம் என்பதைப் பல பிராசசர்கள் தாமே பதிந்துவைக்கின்றன. பயிற்சிக்கு அது மிக உதவும். ஆனால் அந்தப் பதிவு எங்கே போகிறது, யார் பார்க்கலாம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில்களை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னவர் இரண்டு வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

அறுவை சிகிச்சையும் அதன் பிறகும்

இதில் பெற்றோருக்கு வேலை குறைவு. மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தையல் ஆறிச் சில வாரங்கள் கழித்துக் கருவியை முதன்முதலாக இயக்குவார்கள். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் வீடியோக்களை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பல குழந்தைகள் அழும். என் மகள் காயிலைப் பிய்த்து எறிந்தாள். இரண்டுமே நல்ல அறிகுறிகள், ஒலி உள்ளே போயிருக்கிறது.

பிறகு மேப்பிங். ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் போதும், எவ்வளவு அதிகம் என்று, கேட்கும் திறனுக்கான நிபுணரான ஆடியாலஜிஸ்ட் கணினியில் அமைப்பார். முதல் ஆண்டில் அடிக்கடி போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் அந்த மேப்பின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

தினமும் காலையில் பிராசசரை மாட்டியதும், உங்கள் வாயைப் பிள்ளை பார்க்காதபடி பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆறு ஒலிகளைச் சொல்லுங்கள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். டேனியல் லிங் என்பவர் வகுத்த சோதனை இது. பேச்சில் வரும் தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடட்டும். நேற்று வரை 'ஸ்' கேட்டது, இன்று கேட்கவில்லை என்றால் மைக்கிலோ காயில் கம்பியிலோ பழுது இருக்கலாம். உபரிக் கம்பி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பயிற்சிப் புத்தகங்கள் பலவும் ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டவை. தமிழுக்கென்று சில தனிக் கவனம் வேண்டும். நெடிலும் குறிலும் கருவி வழியாக நன்றாகவே தெரியும், ஏனென்றால் அது நேர அளவு. 'பல்', 'பால்', 'கல்', 'கால்' என்று அங்கிருந்து தொடங்குங்கள். ல, ள, ழ வேறுபாடு பிறகு மெல்ல வரும். உண்மையான கஷ்டம் சொல்லின் கடைசியில் இருக்கிறது. 'அம்மாவுக்கு', 'அம்மாவோடு', 'அம்மாவிடம்' என்று நாம் சொல்லும்போது குரல் முடிவில் தணிந்துவிடுகிறது. பிள்ளைக்கு 'அம்மா' மட்டும் கேட்கிறது. என் மகள் நெடுநாள் "அம்மா கொடு, பாட்டி போ" என்றே பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் கடைசி அசையைச் சற்று ஏற்றிச் சொல்லி விளையாடினோம். ஒரு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு "பாட்டிக்குக் கொடு", "பாட்டியிடம் வாங்கு" என்று மாற்றி மாற்றிச் சொல்வேன். முடிவைக் கேட்டால்தான் எந்தப் பக்கம் பழம் போகும் என்று தெரியும். பாட்டிதான் எங்கள் வீட்டின் மிகச் சிறந்த பயிற்சியாளர், ஏனென்றால் அவருக்கு அவசரமே கிடையாது.

வியர்வையும் ஈரமும் கருவிக்கு எதிரி. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட உலர்பெட்டியில் வையுங்கள். காயில் ஒட்டும் இடத்தில் எண்ணெய் வைக்க வேண்டாம். சடையை அதற்கு ஏற்றபடி பின்னுங்கள். தோல் சிவந்திருந்தால் காந்தம் தேவைக்கு மேல் வலுவாக இருக்கலாம், உடனே ஆடியாலஜிஸ்டிடம் சொல்லுங்கள்.

பள்ளியில்

ஆசிரியர் கழுத்தில் மாட்டும் வயர்லெஸ் மைக் ஒன்று உண்டு. மின்விசிறி, பெஞ்சு இழுபடும் சத்தம் எல்லாவற்றையும் தாண்டி ஆசிரியர் குரல் நேரே பிள்ளையின் தலைக்குள் போகும். அதை அணைக்க மறந்து ஓய்வறைக்குப் போனால் அங்கே பேசுவதும் போகும். என் மகள் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்தபடியே, இரண்டு அறை தள்ளி இரண்டு ஆசிரியைகள் தங்கள் சம்பளக் கடன் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறாள். மற்ற பிள்ளைகளால் முடியாத ஒன்று அவளால் முடிந்தது. குறையை ஈடு செய்யும் கருவி எந்த இடத்தில் கூடுதல் சக்தியாகிறது என்பதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பிள்ளைக்கு ஒரு விதி சொல்லிக் கொடுங்கள்: பாடம் முடிந்தும் மைக் அணையவில்லை என்றால் எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது பொய் சொல்லாதே என்பதற்குச் சமமான விதி.

தேர்வுகளுக்கும் இதே சிக்கல் வரும். செல்பேசியிலிருந்து நேரே ஒலி வாங்கக்கூடிய கருவியைக் கண்காணிப்பாளர் சந்தேகிப்பது இயல்பு. விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மருத்துவர் கடிதமும் கையில் இருக்கட்டும், வயர்லெஸ்ஸை அணைக்கும் வழியைப் பிள்ளையே அவர்கள் முன் செய்து காட்டட்டும். கழற்றச் சொன்னால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, பணிவாக, விடாமல் பேசுங்கள்.

சைகை மொழியையும் கற்றுக்கொடுங்கள்

இதில் பலர் என்னோடு மாறுபடுவார்கள். சைகை வந்தால் பேச்சு வராது என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் காது கேளாதோர் தேசிய சங்கம் 1991-இல் குழந்தைகளுக்கு இம்ப்ளாண்ட் வைப்பதையே கண்டித்தது. 2000-இல் அது ஒரு வழி என்று ஏற்றுக்கொண்டு, சைகையையும் விடாதீர்கள் என்றது. அந்த இரண்டாவது நிலைதான் என் நிலையும். குளிக்கும்போது, தூங்கும்போது, பேட்டரி தீரும்போது என் மகளுக்குக் காது கேட்காது. அப்போது அவளுக்கு ஒரு மொழி வேண்டாமா? டெல்லியில் 2015 முதல் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் இருக்கிறது. அதன் அகராதி வீடியோக்களை இலவசமாகப் பார்க்கலாம். காது கேளாத பெரியவர்கள் இரண்டு பேரையாவது பிள்ளை அறிந்து வளரட்டும்.

ஒப்படைப்பது

2024 ஜனவரியில், மூளைக்குள் வைக்கும் கருவிகளைச் செய்யும் நியூராலிங்க் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கருவியை முதன்முதலாக ஒருவருடைய மூளையில் வைத்தது. கை கால் செயலிழந்த அந்த இளைஞர் நினைப்பாலேயே கணினியை இயக்கினார். சில வாரங்களில் உள்ளே வைத்த இழைகளில் பல விலகிவிட்டன. நாளை உடல் நலமுள்ளவர்களும் நினைவுக்கும் கவனத்துக்கும் இப்படி வைத்துக்கொள்ள வரிசையில் நிற்கலாம். உத்தரவாதம் யாருடையது, தகவல் யாருடையது, நிறுவனம் மூடினால் என்ன என்று அவர்கள் கேட்க வேண்டியதை எல்லாம் நம் பிள்ளைகள் இப்போதே வாழ்ந்து பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளிடம் மற்றவர்கள் வந்து கேட்கும் காலம் வரும் என்று நான் நம்புகிறேன்.

அதற்கு அவர்கள் கருவிக்குச் சொந்தக்காரர்களாக வளர வேண்டும். ஆறு வயதில் பேட்டரியைத் தானே மாற்றட்டும். பத்து வயதில் மேப்பிங் அறையில் நீங்கள் வாயை மூடிக்கொண்டு அவளைப் பேச விடுங்கள். சத்தம் வேண்டாம் என்று அவள் கழற்றி வைக்கும் மாலை நேரத்தை மதியுங்கள். ஒரு கோப்பில் உள்கருவியின் வரிசை எண், மாடல் பெயர், அறுவை சிகிச்சைக் குறிப்பு, எல்லா மேப் நகல்களும், எம்.ஆர்.ஐ. எச்சரிக்கை அட்டை, நிறுவனம் எழுத்தில் தந்த பதில்கள் இருக்கட்டும். பதினெட்டு வயதில் நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் செல்பேசி எண்ணை எடுத்துவிட்டு அவளுடைய எண்ணைச் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். மாற்றியதற்கு ஒப்புகைக் கடிதம் கேட்டு வாங்கி அதே கோப்பில் வையுங்கள்.