பச்சை எல்இடி, ஒரு மல்ட்டிமீட்டர்: வகுப்பறைக்கு ஒரு எளிய ஒளிமானி

பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் ஊதாவாகத் தெரிவதற்குக் காரணம், வெள்ளை ஒளியிலுள்ள பச்சையை அது விழுங்கிவிடுவதுதான். 525 நானோமீட்டர் பக்கம் அதன் பசி அதிகம். ஆகவே அதன் செறிவை, அதாவது நீரில் அது எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை, அளக்கப் பச்சை எல்இடி வேண்டும். டிவிடி துண்டை வைத்து வானவில் பிரித்துக் காட்டுவது அழகுதான். ஆனால் செறிவை அளக்கக் கற்றுக்கொடுக்க ஒரே நிறம் போதும்.

முதலில் மூடியுள்ள சிறிய அட்டைப்பெட்டியின் உட்புறம் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். நடுவில் சோதனைக்குழாய் ஆடாமல் நிற்க ஓர் இடம். அதன் ஒரு பக்கம் எல்இடி, நேர் எதிரே அதே உயரத்தில் எல்டிஆர் (ஒளி பட்டால் மின்தடை குறையும் உறுப்பு). எல்இடியின் நீளமான காலை 470 ஓம் மின்தடை வழியாக 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையிலும், குட்டைக் காலை எதிர்முனையிலும் இணையுங்கள். எல்டிஆருக்கு முனை பேதம் கிடையாது. இரு கால்களையும் மல்ட்டிமீட்டரில் மாட்டி, ஓம் அளவுக்குத் திருப்பினால் சரி. ஆர்டுயினோ போன்ற மின்னணுப் பலகை எதுவும் தேவையில்லை.

அடுத்து கரைசல். 0.158 கிராம் பெர்மாங்கனேட்டை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 0.001 மோலார். அதில் 1, 2, 3, 4 மி.லி. எடுத்து, ஒவ்வொன்றையும் 20 மி.லி. ஆக்குங்கள். (கையில் கறை பட்டால் எலுமிச்சைச் சாறு.)

குழாயில் வெறும் நீரை ஊற்றி, மூடியை மூடி, எண் நிலைக்கும்வரை பொறுங்கள். எல்டிஆர் கொஞ்சம் சோம்பேறி. கிடைத்த மின்தடை R₀. பிறகு அதே குழாயில், அதே பக்கம் பார்த்தபடி, ஒவ்வொரு கரைசலுக்கும் R. கடைசியில் மறுபடி நீரை வைத்துப் பாருங்கள். R₀ கூடியிருந்தால் பேட்டரி இறங்குகிறது என்று பொருள்.

இப்போது கணக்கு. R-ஐ R₀-ஆல் வகுத்து, 10-ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுங்கள். இது உண்மையான உட்கவர் அளவு (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதை மடக்கையாகச் சொல்லும் எண்) அல்ல. எல்டிஆரின் மின்தடை ஒளிச்செறிவின் ஒரு அடுக்குப்படி மாறுவதால், மடக்கை எடுத்ததும் உட்கவர் அளவு ஒரு மாறிலியால் பெருக்கப்பட்டு வருகிறது, அவ்வளவுதான். செறிவு கூடக் கூட உட்கவர் அளவும் அதே விகிதத்தில் கூடும் என்ற பீர்-லாம்பர்ட் விதி சொல்லும் நேர்கோடு அப்படியே கிடைக்கும், சாய்வு மட்டும் வேறு. கிராஃப் தாளில் கிடையச்சில் செறிவு, நெட்டச்சில் மடக்கை. அப்புறம் மாணவரிடம் செறிவு தெரியாத கரைசலைக் கொடுத்து, கோட்டிலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.

மயில்துத்தத்துக்கு (காப்பர் சல்ஃபேட்) சிவப்பு எல்இடி மாட்டுங்கள். அதன் நிறம் வெளிறியது, 0.1 மோலார் அளவில் தொடங்கினால்தான் எண் அசையும்.