குறைந்த காசில் காம்பவுண்ட் வில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோத்தகிரியில் நாங்கள் பயிற்சி செய்யும் சரிவுக்கு அரவேனுவிலிருந்து ஒரு தம்பி வந்தான். தோளில் நீளமான பை. திறந்தால் உள்ளே இலையும் பட்டையுமாக வண்ணம் பூசிய வேட்டை வில், இரு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வகை. "மாமா அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டு வந்தாரு அண்ணா. பழசுதான், ஆனா எழுபது பவுண்டு!" முகத்தில் அத்தனை பெருமை.

"டிரா லெங்த் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அப்படின்னா?"

பதினோரு வருடங்களுக்கு முன்னால் யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். டிரா லெங்த் என்றால் நாணை முழுக்க இழுக்கும் தூரம், பவுண்டு என்பது அப்படி இழுக்க வேண்டிய பலம். நாண் பிய்ந்த வில்லை வாங்காதே, விலை விசாரிக்காமல் வாங்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. 'வேட்டை வில்' என்பது அங்கே வைத்த பெயர். இங்கே வேட்டை கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொல்வது மட்டுமல்ல, அதற்கு முயற்சி செய்வதும் வேட்டைதான். வெள்ளைக்காரர்கள் சுட்டுத் தள்ளிய வேகத்தில் 1879இலேயே நீலகிரிக்கென்று தனியாக விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டி வந்தது. சாயங்காலம் எங்கள் சரிவில் காட்டெருமை வந்து நின்றால் வில்லை இறக்கி வைத்துவிட்டு, அது தேயிலைக்குள் இறங்கிப் போகும் வரை காத்திருப்போம். ஒரு முறை முக்கால் மணி நேரம்.

பிறகு ஏன் வேட்டை வில்லைப் பற்றிப் பேச்சு? காசு. போட்டிக்கென்று செய்யும் நீளமான வில்லின் விலைக்குப் பக்கத்தில் நம்மால் போக முடியாது. வேட்டைக்காரர்களுக்கான வில், குறி பார்க்கும் சைட், அம்பு தாங்கும் ரெஸ்ட் எல்லாம் பூட்டி, எடுத்தவுடன் எய்யலாம் என்கிற மாதிரி செட்டாக வருகிறது. இருபது, முப்பது மீட்டரில் கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கே வந்தன. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் உண்டு. அதனால் கேட்டு வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள், பழைய வில்லை அவர்கள் தலையில் கட்டுகிறவர்களும் கூடியிருக்கிறார்கள்.

வேகத்தைப் பார்த்து மயங்குவது

பெட்டியில் 'விநாடிக்கு 320 அடி' என்று போட்டிருக்கும். அந்த எண் 70 பவுண்டு இழுவை, 30 அங்குல டிரா லெங்த், 350 கிரெய்ன் (சுமார் 23 கிராம்) எடையுள்ள அம்பு என்ற கணக்கில் எடுத்தது. நீங்கள் 27 அங்குலத்தில் 45 பவுண்டு இழுக்கப் போகிறீர்கள். டிரா லெங்த்தில் ஒரு அங்குலம் குறைந்தாலே சுமார் பத்து அடி வேகம் போய்விடும். இருபது மீட்டரில் குறியாக வைத்திருக்கும் கோணிப்பைக்கு இந்த எண் எதற்கு?

எழுபது பவுண்டு மோகம்

'காம்பவுண்டில்தான் லெட் ஆஃப் இருக்கிறதே, முழுக்க இழுத்த பிறகு 80 சதவீதம் எடை குறைந்துவிடுமே' என்பார்கள். உண்மைதான். 60 பவுண்டு வில்லை இழுத்து நிறுத்தினால் கையில் நிற்பது 12 பவுண்டுதான். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அறுபதையும் இழுத்துத்தானே ஆக வேண்டும்? அதுவும் டிசம்பர் காலையில், குளிரில் தோள் விறைத்திருக்கும்போது.

சர்வதேசப் போட்டிகளிலேயே காம்பவுண்டுக்கு உச்ச வரம்பு 60 பவுண்டு. அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இழுவை பென்சில்வேனியாவில் 35 பவுண்டுதான். அந்த ஊர் மானுக்கே 35 என்றால் நம் கோணிப்பைக்கு எழுபது எதற்கு?

இன்னொரு விஷயம், 70 பவுண்டு வில்லை வில்லின் வளையும் பகுதியான லிம்பின் போல்ட்டைத் திருகிக் குறைத்தாலும் பெரும்பாலும் அறுபதோடு நின்றுவிடும். நாற்பதுக்கு வராது. வாங்கும் முன் நாற்காலியில் உட்கார்ந்து, அம்பு பூட்டி, அட்டையைப் பார்த்து நேராக நீட்டியபடியே இழுத்துப் பாருங்கள். வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கினால்தான் இழுக்க வருகிறது என்றால் அது உங்களுக்கு அதிகம். மலையில் இது வெறும் தோள்வலிச் சமாச்சாரம் அல்ல. தூக்கிய நிலையில் நாணை விடுவிக்கும் ரிலீஸ் கருவி தட்டிவிட்டால் அம்பு சரிவைத் தாண்டிப் பறக்கும். அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கிறவர்கள் இருப்பார்கள், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கும்.

டிரா லெங்த்: நான் பணத்தைக் கொட்டிய இடம்

மூங்கில் வில்லையோ சாதாரண ரீகர்வ் வில்லையோ கை எட்டும் வரை இழுக்கலாம். குட்டைக் கைக்காரன் குறைவாக இழுப்பான், அவ்வளவுதான். காம்பவுண்ட் அப்படி இல்லை. அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவர் 1969இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. வில்லின் இரு முனையிலும் சக்கரம், நவீன வில்லில் கேம் என்கிறோம். அந்த கேம் ஒரு குறிப்பிட்ட அளவு சுழன்றதும் சுவரில் முட்டினாற்போல் நின்றுவிடும். எடை குறையும் பள்ளம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை உங்கள் கை தீர்மானிப்பதில்லை, கேம் தீர்மானிக்கிறது. அது உங்கள் உடம்பின் அளவுக்கு ஒத்து வரவில்லை என்றால் உடம்பைத்தான் வளைத்தாக வேண்டும்.

என் கதை இதுதான். 22,000 ரூபாய்க்கு ஒரு பழைய வேட்டை வில். டிரா லெங்த் 29. என் அளவு 27 என்று அப்போது எனக்குத் தெரியாது. விற்றவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நீளம்தான், பழகிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி இரண்டு வருடம் பழகினேன்.

என்ன பழகினேன்? தலையைப் பின்னால் சாய்க்க. இடது முழங்கையைப் பூட்டு போட்ட மாதிரி விறைக்க. இடுப்பைப் பின்னால் தள்ள. நாணைத் தாடையோரம் நிறுத்துவதற்குப் பதிலாகக் காதைத் தாண்டிக் கொண்டுபோக. எய்த பிறகு நாண் முன்கையில் அறையும், ஒரு வாரத்துக்கு நீலம் கட்டியிருக்கும். அதற்கு ஒரு கைக்காப்பு வாங்கினேன். அம்பு இடது பக்கமே போகிறது என்று புது ரெஸ்ட் வாங்கினேன். கை ஆடுகிறது என்று ஸ்டேபிலைசர். அதுவும் சரிவரவில்லை, விலையுயர்ந்த அம்பு ஒரு டஜன். நோய் ஒரு இடம், மருந்து இன்னொரு இடம். கூட்டிப் பார்த்தால் வில்லின் விலையைத் தாண்டிவிட்டது.

ஒரு நாள் சமவெளியிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் நான் எய்வதைப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. இழுத்த நிலையில் நிற்கச் சொல்லி, சாய்ந்திருந்த என் தலையைப் பிடித்து நேராக்கினார். குறி பார்க்க நாணில் வைத்திருக்கும் பீப் துவாரம் கண்ணுக்குப் பின்னால் போய்விட்டது. "இது யாரோ ஆறடிக்காரன் வில்லுப்பா" என்றார்.

சரி, கேமை மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். அந்த மாடலின் தயாரிப்பு நின்று பல வருடம் ஆகியிருந்தது. தேடிப் பிடித்த பழைய கேமுக்கு நாணும் கேபிளும் வேறு நீளம். வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் இல்லாமல் இதில் எதையும் கழற்ற முடியாது, பிரஸ் வைத்திருந்தவரோ மலைக்குக் கீழே. கணக்குப் போட்டால் 14,000. விட்டுவிட்டேன். நிஜமாகவே ஆறடி உயரமான ஒருவருக்கு 9,000 ரூபாய்க்கு அதைக் கொடுத்தேன். அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதைப் பார்த்ததில் வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

பணத்தைக்கூட மறந்துவிடலாம். தலை சாய்க்கும் பழக்கத்தை விட எனக்கு முழுசாக ஒரு வருடம் ஆனது. இப்போதும் களைத்துவிட்டால் தலை தானாகப் பின்னால் போகும்.

அளப்பது மிகச் சுலபம். சுவரில் முதுகு படும்படி நின்று, இரு கைகளையும் பக்கவாட்டில் விரியுங்கள். எக்கி நீட்ட வேண்டாம், சும்மா விரித்தால் போதும். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் இன்னொருவர் அளக்கட்டும். அதை 2.5ஆல் வகுத்தால் தோராயமான டிரா லெங்த். எனக்கு 67, வகுத்தால் 26.8. இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல்தான் இரண்டு வருடத்தை விட்டேன். அரை அங்குலம் முன்னே பின்னே இருந்தால் எய்து பார்த்துச் சரி செய்யலாம், இரண்டு அங்குலத்தைச் சரி செய்ய முடியாது. இரண்டு அளவுக்கு நடுவே தீர்மானிக்க முடியாவிட்டால் சற்றுக் குட்டையான அளவையே எடுங்கள்.

அடுத்து, கேம் எந்த வகை என்று பாருங்கள். சிலவற்றில் டிரா லெங்த் மாற வேண்டுமென்றால் கேமையே மாற்ற வேண்டும், என்னுடையது அந்த வகை. சிலவற்றில் மாட்யூல் என்ற சிறிய துண்டை மட்டும் கழற்றி வேறு பூட்டலாம், ஆனால் அந்தத் துண்டு கிடைக்க வேண்டும். சிலவற்றில் அதே துண்டை எண்ணோ எழுத்தோ பார்த்து நகர்த்தித் திருகினால் போதும். பட்ஜெட்காரர்கள் இந்த மூன்றாவது வகையைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம் என்பேன். பேர் நிறுவனத்தின் க்ரூஸர் ஜி2 12 முதல் 30 அங்குலம் வரை, டைமண்டின் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ 13 முதல் 31 வரை மாறும். இரண்டிலும் இழுவை 5 முதல் 70 பவுண்டு வரை. 'அது சின்னப் பசங்க வில்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் பிதுக்கட்டும். என் வீட்டில் ஒரே வில்லை நான் 27 அங்குலம், 45 பவுண்டிலும் என் மகள் 24 அங்குலம், 20 பவுண்டிலும் எய்கிறோம்.

தூரத்திலிருந்து வாங்குகிறீர்களா? லிம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் கேமையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அம்பின் நீளத்தைச் சொல்லி 'இதுதான் டிரா லெங்த்' என்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். 'பழகிடும்' என்றால் போனையே வைத்துவிடுங்கள்.

டிரை ஃபயர்

அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அதுதான் டிரை ஃபயர், வில்லையே கெடுத்துவிடும். பார்க்க வந்த நண்பன் கையில் வில்லைக் கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

லிம்பில் விரிசல்

பஞ்சை லிம்பின் ஓரமாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். நூல் சிக்கினால் வாங்காதீர்கள்.

அம்பில் மிச்சம் பிடிப்பது

வில்லுக்குக் காசைக் கொட்டிவிட்டு, கிடைத்த அம்பைப் பூட்டுவார்கள். அம்பின் விறைப்பை ஸ்பைன் என்பார்கள். 500, 400, 340 என்று எண் இருக்கும், எண் குறையக் குறைய விறைப்பு கூடும். 50 பவுண்டு, 28 அங்குல அம்பு என்றால் 500 பக்கம் வரும். தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்தே வாங்குங்கள். எடையும் முக்கியம், ஒரு பவுண்டு இழுவைக்கு 5 கிரெய்னாவது இருக்க வேண்டும். அதைவிட லேசான அம்பு என்றால் வில்லுக்கு அது பாதி டிரை ஃபயர் மாதிரி.

கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் பூட்டும் முன் காதருகே வைத்து லேசாக வளைத்துப் பாருங்கள். நெறுநெறு என்று சத்தம் கேட்டால் உடைத்துப் போட்டுவிடுங்கள். எய்யும்போது உடைந்தால் சில்லு கைக்குள் போகும். இதில் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வேட்டைக்கான கூர் முனை

வேண்டாம்.

பனியும் வெயிலும்

மூடுபனியில் இறகு வைத்த அம்பு நனைந்து தொங்கிவிடும், இறகுக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு (வேன்) போட்டதையே வாங்குங்கள். வில்லை ஈரப் பைக்குள் வைத்து மூடினால் திருகாணி துருப்பிடிக்கும், பை பூஞ்சை பிடிக்கும்.

மலையை விட இறக்கம்தான் மோசம். மே மாதம் மேட்டுப்பாளையத்தில் சாப்பிட நிறுத்துவோம், வில் பூட்டிய காருக்குள் வேகும். அந்தச் சூட்டில் லிம்பும் நாணும் கெட்டுப் போகும். இப்போதெல்லாம் டீக்கு நிறுத்தினாலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன். கிடாரா என்று கேட்கிறவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.